எலும்பு எங்கள் துறை அல்ல

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்தப் பெண்மணியை ஊரில் பாதிப் பேர் டீச்சர் என்று கூப்பிட்டார்கள். மீதிப் பேர் பேருந்தில் போகிறவர்கள். மார்பில் கட்டி வந்து, அதை அறுத்தெடுத்து, மருந்து ஏற்றி, கதிர்வீச்சும் முடித்து, ஒருவழியாக அவள் தன் பயிற்சிக் காருக்குத் திரும்பியிருந்தாள். மருந்து போகிறபோது சும்மா போகவில்லை. உள்ளங்காலில் இருந்த உணர்ச்சியில் பாதியைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தது. பிரேக்கை மிதித்தால், மிதித்த செய்தி மூளைக்கு வந்துசேரச் சற்று நேரம் பிடித்தது. நரம்பு மெல்லத் தேறிவரும் என்றும், இன்னொரு சுற்று மருந்து ஏற்றினால் தேறாமலே போகலாம் என்றும் அறுவை டாக்டர் சொல்லியிருந்தார்.

சிகிச்சை முடிந்தபின் காட்டப் போன அன்றைக்கும் அந்த டாக்டர்தான் அவளைப் பரிசோதித்தார். கையால் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலம்மா. நல்லா இருக்கீங்க. போய் வேலையைப் பாருங்க, அப்பப்ப வந்து காட்டிட்டுப் போங்க" என்றார். டீச்சரின் தம்பி லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அக்கா வீட்டு மாடியில் தனிக்குடித்தனம். அக்காவின் ஆஸ்பத்திரிப் பயணங்களுக்கெல்லாம் துணை அவன்தான். அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அப்படியே இருவரும் வீட்டுக்குப் போயிருந்தால் வம்பில்லை. ஆனால் வாசலில் இருந்த நர்ஸ், "நடுவத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

நடுவம் என்பது பழைய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதிதாக எழும்பியிருந்த கண்ணாடிக் கட்டடம். அதன் முழுப்பெயர் 'இரத்த ஓட்டத்தில் சுற்றித் திரியும் புற்றுச் செல்களுக்கான உயர் மூலக்கூறு நுண்ணாய்வு நடுவம்'. பெயர் முன்சுவரில் அடங்காமல் மூலை திரும்பிப் பக்கச்சுவரிலும் ஓடி, குப்பைத்தொட்டிக்கு மேலே முடிந்தது. பழைய கட்டடத்தில் நோயாளிகள் உட்காரப் பெஞ்சு போதாது. இங்கே தரை முழுக்கக் கம்பளம், காலுக்குக் காகித உறை, ரத்தம் கொடுக்கும் முன் பார்த்தே ஆகவேண்டிய படம் ஒன்று. படத்தில் நடுவத்தின் இயக்குநர் ஒரு மலை உச்சியில் நின்று தூரத்தைப் பார்த்தார். பிறகு ஓர் ஆய்வுக்கூடத்தில் நின்று தூரத்தைப் பார்த்தார். படம் முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஏன் என்று தெரியாமல் தம்பியும் எழுந்து நின்றான்.

ரத்தம் எடுக்கும் அறைக்கு 'மௌன அறை' என்று பெயர். இயந்திரம் அடுத்த மாடியில் இருந்தாலும், பேச்சுச் சத்தம் அதன் கவனத்தைக் கலைக்கும் என்று இயக்குநர் உத்தரவிட்டிருந்தார். டீச்சர் ஊசி குத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். அதற்கே அங்கிருந்த பெண் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

முடிவு சொல்ல இயக்குநரே கூப்பிட்டார். நல்ல உயரம், பளபளக்கும் நெற்றி, பேசும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம்.

"பாசிட்டிவ்" என்றார், பரீட்சையில் தேறிய பிள்ளைக்குச் சொல்வதைப்போல.

டீச்சர் பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து நீட்டினாள். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்களே சார்."

"ஸ்கேன் பெருசா இருக்கறதைத்தான் பாக்கும்மா. நாங்க தேடறது, கோடிக்கணக்கான ரத்தச் செல்லுக்கு நடுவுல ஒளிஞ்சிட்டுத் திரியுற ஒரே ஒரு செல்லை. அதையும் நேரா பாக்கறதில்ல. அதுக்குள்ள மரபணு எழுதி வச்சிருக்கற செய்தி ஒண்ணு இருக்கும். அதைப் பிடிச்சு, நகலெடுத்து, நகலையும் நகலெடுத்து, மலையாக் குவிச்சு மெஷினுக்குக் காட்டுவோம். அப்பத் தெரியும்."

"அந்தச் செய்தி கேன்சர் செல்லுல மட்டும்தான் இருக்குமா சார்?"

"தோல்லயும் இருக்கும். சில நேரம் நல்ல ரத்தச் செல்லே அதைக் கொஞ்சம் முணுமுணுக்கும். ஆனா எங்க மெஷினுக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. யாருதா இருந்தாலும் ஒரே மாதிரி நகலெடுக்கும். அவ்வளவு நுட்பம். இல்லாததைக்கூட விடாது."

"ஊசி தோலைத் துளைச்சிட்டுத்தானே சார் உள்ள போகுது?" என்று தம்பி கேட்டான்.

இயக்குநர் கண்ணைத் திறந்தார். "வேற எப்படிப் போகும்?" என்றார், சின்னப் பிள்ளையிடம் பேசுகிற பரிவோடு. பிறகு டீச்சரின் பக்கம் திரும்பி, உடனே இன்னொரு சுற்று மருந்து ஏற்றிக்கொள்வது உத்தமம் என்றார்.

அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்தில் குளிர்ந்த தரையின்மேல் வெகுநேரம் நின்றாள். குளிர்ச்சி பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியும் போய்விடுமோ என்று நினைத்தபோது, நோயைவிட அதுதான் பெரிதாகப் பட்டது.

மறுபடி சோதிக்கும்படி அவள் கேட்டுக்கொண்டாள். மறுபடி காகித உறை, மறுபடி மலை உச்சி, மறுபடி மௌனம். இந்த முறை நெகட்டிவ்.

"அப்ப முதல்ல வந்தது தப்பா சார்?"

"தப்புங்கற சொல்லை நாங்க இங்க புழங்கறதில்லம்மா. ரெண்டும் சரி. பாசிட்டிவ் வந்தா செல் இருக்குன்னு அர்த்தம். நெகட்டிவ் வந்தா, செல் இருக்கு, ஆனா அந்த நேரத்துல ஊசிப் பக்கம் வரலன்னு அர்த்தம்."

"இல்லவே இல்லன்னா என்ன சார் வரும்?"

இயக்குநர் யோசித்தார். "அந்தக் கேள்வி இதுவரைக்கும் எழல" என்றார்.

காத்திருப்புக் கூடத்தில் அவளுக்குப் பழக்கமானவர் ஒருவர் இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த மனிதர். குடலில் வந்த புற்றை வெட்டியெடுத்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அவருக்கு நெகட்டிவ்தான் வந்தது. அவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மெல்லிய துணியும் திருகாணி முடுக்கும் சின்னக் கருவியும் இருக்கும். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்கள் கண்ணாடியை வாங்கித் துடைத்து, கோணலை நிமிர்த்தி, மூக்கில் மாட்டியும் விடுவார். அவருடைய மனைவியைக் கடைக்காரம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகை நீவிவிட்டபடி இருப்பாள்.

"முதுகு என்ன ஆச்சு?" என்று ஒருநாள் டீச்சர் கேட்டாள்.

"குனிஞ்சே வேலை பார்த்த உடம்பு. கொஞ்ச நாளா வலிக்குது" என்றார் கடைக்காரர்.

"உங்க அறுவை டாக்டர்தான் இவருக்கும் பாக்கறாரு, எலும்பை ஸ்கேன் பண்ணச் சொன்னாரு" என்றாள் கடைக்காரம்மா. "இங்க கேட்டா, நெகட்டிவ் வந்தவருக்கு எதுக்கு ஸ்கேன், நடுவத்தோட வார்த்தையை நம்பலையான்னு கோவிச்சுக்கறாங்க. பேரை ஸ்கேன் வரிசையில இருந்தும் எடுத்துட்டாங்க."

"நெகட்டிவ் வந்தா சந்தோஷமாப் போவணும்" என்றார் கடைக்காரர். "அதை விட்டுட்டு நோண்டிட்டு இருப்பாங்களா." டீச்சருக்கு அவர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. கிடைத்தால் இவருடைய ரத்தம் கிடைக்கவேண்டும் என்று தம்பியிடம் சொன்னாள்.

'இல்லவே இல்லன்னா' என்ற தன் கேள்வி எழுப்பிய சங்கடத்தை இயக்குநர் மறக்கவில்லை என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய ரத்தத்தைக் குழாய் குழாயாகப் பிரித்துப் பல ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினார். ஒரே ரத்தம், ஒரே காலை, ஒரே கை. முடிவுகளை எடுத்துச்சொல்ல 'ஒத்திசைவுக் குழு' கூடியபோது அவளையும் தம்பியையும் சுவரோரம் உட்காரவைத்தார்கள்.

முதல் கூடம் இருக்கிறது என்றது. அடுத்தது இல்லை என்றது. இன்னொன்று, வழியில் குழாய் வெயிலில் கிடந்ததால் இருந்தது செத்திருக்கும், ஆகவே இருக்கிறது என்றது. வேறொன்று, இருக்கிறதுதான், ஆனால் தங்கள் அளவுகோலில் அவ்வளவுக்கு இருந்தால் இல்லை என்று பெயர் என்றது. கடைசிக் கூடம், செல் ஏராளமாக இருப்பதாகவும், ரத்தம் ஓர் ஆணுடையது என்றும் எழுதியிருந்தது.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரே மாதிரி சோதிச்சுப் பாக்கலாமே" என்றார் குழுவில் இருந்த ஒரு பெண் டாக்டர், தயங்கியபடி.

"அது எப்படி முடியும்?" என்றார் இயக்குநர். "ஒவ்வொரு கூடத்துக்கும் சுயமரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல. ஒருத்தர் முறையை இன்னொருத்தர் ஏத்துக்கிட்டா, அப்பறம் இத்தனை நாள் பண்ணதெல்லாம் என்னன்னு ஆயிடும். நாம நாகரிகமான ஆளுங்க. ஓட்டு எடுத்துருவோம்."

கை தூக்கினார்கள். சாப்பிடப் போயிருந்த உறுப்பினர் ஒருவருக்காகக் கொஞ்சம் காத்திருந்தார்கள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, எதற்கு என்று கேட்காமலே கையைத் தூக்கினார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் டீச்சரின் ரத்தத்தில் புற்றுச் செல் இருப்பதாக முடிவானது. இயக்குநர் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். அவளும் என்ன செய்வதென்று தெரியாமல் நன்றி என்றாள்.

வெளியே வந்ததும் தம்பி, "அக்கா, அவரு சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா உனக்குக் குணமாயிருக்கும்" என்றான். சிரிக்கத்தான் சொன்னான். ஆனால் இருவரும் சிரிக்கவில்லை.

சரிபார்ப்பதற்காக நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும் என்று நடுவம் விளம்பரம் செய்திருந்தது. அக்காவுக்கு ஏதாவது நல்லது நடக்கட்டும் என்று தம்பி கையை நீட்டினான். சளிகூடப் பிடிக்காத உடம்பு. நாள்முழுக்க லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்கி முறுக்கேறியிருந்தது. அவனுக்குப் பாசிட்டிவ் வந்தது.

அவனை இயக்குநர் தனியாக உட்காரவைத்து வருத்தத்தோடு பேசினார். "உங்களை ஆரோக்கியமானவங்க குழுவிலேர்ந்து நீக்கிட்டோம் தம்பி."

"எனக்கு நோயா சார்?"

"அதை நாங்க சொல்லல. எங்க ஆரோக்கியமானவங்க குழுவுல யாருக்கும் பாசிட்டிவ் வரக்கூடாதுங்கறது விதி. வந்தவங்களை எடுத்துடுவோம். அதனாலதான் பாருங்க, ஆரோக்கியமானவங்க ஒருத்தருக்குக்கூட எங்க சோதனை தப்பா பாசிட்டிவ் காட்டினதே இல்ல. இந்தப் பெருமை எந்த நடுவத்துக்கும் கிடையாது."

"என்னை மாதிரி எத்தனை பேரை எடுத்தீங்க?"

"எடுத்தவங்களை எண்ணினா அவங்களும் கணக்குல வந்துருவாங்களே."

அதே வாரம், ரத்தமே கலக்காத வெறும் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாயும் பாசிட்டிவ் காட்டியது. கூடத்தில் யாரோ முன்னால் எடுத்த நகல்களின் தூசி அதில் விழுந்திருக்கவேண்டும் என்று அந்தப் பெண் டாக்டர் சொன்னார். சொன்னதன் பலனாக அவர் விருந்தினர் வரவேற்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். தண்ணீரை என்ன செய்வது என்று நடுவம் ஆலோசித்து, அது தொடர்ந்து கண்காணிக்கப்படும் என்று அறிவித்தது.

கண்ணாடிக் கடைக்காரர், தன் கடையில் கீழே விழுந்த ஒரு திருகாணியை எடுக்கக் குனிந்தார். நிமிரவில்லை. முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. பழைய கட்டடத்தில் உடனடியாக எடுத்த படத்தில், கழுத்திலிருந்து இடுப்புவரை எலும்பெங்கும் புற்று அரித்திருந்தது தெரிந்தது. அந்த நிலையிலும் நடுவத்திலிருந்து ஒருவர் காகித உறை மாட்டிய காலோடு வந்து ரத்தம் எடுத்துப்போனார். நெகட்டிவ். டீச்சர் பார்க்கப் போனபோது கடைக்காரர் கண்ணைத் திறந்து, அவள் கண்ணாடியின் ஒரு காதுக்கம்பி தளர்ந்திருப்பதாகச் சொன்னார். சரிசெய்யக் கை எழவில்லை. சில நாளில் போய்ச் சேர்ந்தார்.

நடுவத்தின் மாநாடு அதன் பிறகு நடந்தது. பாசிட்டிவ் வந்தும் உயிரோடிருப்பவர் என்ற முறையில் டீச்சர் நன்றி சொல்லவேண்டும் என்று அழைப்பு வந்தது. போகவேண்டாம் என்றான் தம்பி. "கடைக்காரம்மாவையும் கூப்பிட்டிருக்காங்களாம். அவங்க தனியாப் போயி உக்காரக்கூடாது" என்றாள் அவள்.

மேடையில் பூங்கொத்துகள், பின்னால் ஆளுயரத் திரை, அதில் அதே மலை உச்சி. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"நண்பர்களே, எங்கள் சோதனை நம்பகமானதா என்று சிலர் கேட்கிறார்கள். நம்பகம் என்றால் என்ன? நம்புவது. நாங்கள் நம்புகிறோம். பத்துக் கூடங்கள் பத்து முடிவு சொல்கின்றன என்கிறார்கள். ஒரே முடிவு சொன்னால் பத்துக் கூடங்கள் எதற்கு? முடிவு மாறிக்கொண்டே இருக்கிறது என்கிறார்கள். மாறாதது பிணம். நாங்கள் உயிருள்ள அறிவியல். நோயாளிகள் எங்களுக்காக எவ்வளவோ பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்கள் இயந்திரங்களுக்கு வேலை ஏது?"

கை தட்டினார்கள். 'நிலைத்த எதிர்மறை விருது' என்று ஒன்றை அவர் அறிவித்தார். முதல் சோதனையிலிருந்து கடைசி மூச்சுவரை ஒருமுறைகூடத் தடுமாறாமல் நெகட்டிவாகவே விளங்கிய மாமனிதருக்கு என்று சொல்லி, கடைக்காரரின் படத்தைத் திரையில் காட்டினார்கள். கடைக்காரம்மா மேடையேறினாள். கையில் கனமான கேடயத்தைக் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார்.

அவள் சிரிக்கவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் நின்றதால், அவள் மெதுவாகக் கேட்டதும் கூடம் முழுக்கக் கேட்டது.

"சார், அவருக்கு உடம்பு முழுக்க இருந்ததே. நீங்க இல்லன்னுதானே கடைசிவரைக்கும் சொன்னீங்க?"

இயக்குநர் கண்ணைத் திறந்தார். கோபப்படவில்லை. "அம்மா, நாங்க சொன்னது ரத்தத்தைப் பத்தி. ரத்தத்துல இல்லன்னோம். இல்ல. இருந்தது எலும்புல. எலும்பு எங்கள் துறை அல்ல."

"எலும்பைப் பாக்கறேன்னு சொன்ன டாக்டரையும் நீங்கதானே தடுத்தீங்க?"

"எங்க முடிவுமேல எங்களுக்கு இருந்த மரியாதையினால" என்றார் அவர். பிறகு முன்வரிசையில் யாரோ தட்ட, பின்வரிசையும் தட்டியது. நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்தில் கைதட்டல் குறிக்கப்பட்டிருந்தது.

அடுத்து டீச்சரைக் கூப்பிட்டார்கள். அச்சடித்த நன்றியுரையைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதைப் பார்த்தாள், மடித்தாள்.

"எனக்கு இந்தச் சோதனையெல்லாம் புரியாது" என்றாள். "ஆனா கார் ஓட்டத் தெரியாத ஒருத்தர, ஓட்டத் தெரியும்னு சொல்லி நான் ரோட்டுல விட்டா, என்னை உள்ள தூக்கிப் போட்டுருவாங்க. நீங்க மருந்து ஏத்தச் சொன்னீங்க. நான் ஏத்திக்கப் போறதில்ல. இங்க இனிமே கை நீட்டவும் மாட்டேன்." இறங்கி வந்து கடைக்காரம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள். பின்னால் தம்பி, இரண்டு பேரின் கைப்பைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினான். அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் அவள் அறுவை டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். "நான் பண்ணது சரியா டாக்டர்? உண்மையிலேயே எனக்குள்ள அது சுத்திட்டு இருந்தா?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியலம்மா. அந்தச் சோதனை ஒருநாள் நல்லபடியா வரும். வரட்டும். இப்போதைக்கு அதை வச்சு ஒருத்தர் உடம்புல மருந்தை ஏத்தவும் கூடாது, ஒருத்தர் ஸ்கேனை நிறுத்தவும் கூடாது. அந்தக் கடைக்காரர் விஷயத்துல நான் இன்னும் சத்தம் போட்டிருக்கணும். போடல." அவள் கழுத்தோரமும் அக்குளிலும் விரலால் நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ஒண்ணும் இல்ல" என்றார். இன்றைக்கு என்ற சொல்லை அவர் அழுத்தியதை அவள் கவனித்தாள். பயம் போகவில்லை. ஆனால் அது இப்போது அவளுடைய பயமாக இருந்தது. யாரும் ஓட்டுப் போட்டுக் கொடுத்ததல்ல.

பிறகும் நடுவத்திலிருந்து போன் வந்தது. மற்றக் கூடங்களின் இயந்திரங்களைச் சரிபார்க்க, நிச்சயமான பாசிட்டிவ் ரத்தம் தேவைப்படுவதாகவும், ஓட்டெடுப்பில் தேறிய ரத்தம் அவளுடையது ஒன்றுதான் என்றும் ஒரு பெண் குழைந்தாள். "தண்ணிதான் இருக்கே" என்று சொல்லி டீச்சர் போனை வைத்தாள்.

ஒரு மழை விட்ட காலையில் கடைக்காரம்மா பயிற்சிப் பள்ளி வாசலில் வந்து நின்றாள். "அவரு கார் சும்மாவே நிக்குது. பேட்டரி போயிருமாம். எனக்குச் சொல்லிக்குடுப்பீங்களா?" என்றாள். சொல்லிக்கொடுத்தாள். கியர் கரகரக்கும், திருப்பத்தில் கடைக்காரம்மா கண்ணை மூடிக்கொள்வாள். திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் டீச்சர். தெருக்கள் கைவசமானதும், எங்கே போகலாம் என்று ஒருநாள் கேட்டாள். கடைக்காரம்மா பின்னிருக்கையைக் காட்டினாள். துணிப்பையில் அந்தக் கேடயம் இருந்தது. "இதைத் திருப்பிக் குடுத்துட்டு வரலாம். வீட்டுல வைக்க எனக்கு மனசில்ல."

நடுவத்தின் வாசலில் ஒரே ஒரு காருக்குத்தான் வழி. காவலாளியின் கையில் கேடயத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தாகிவிட்டது. கிளம்பலாம் என்று கடைக்காரம்மா கிளட்சிலிருந்து காலை எடுத்தாள். கார் ஒரு குதி குதித்து நின்றுபோனது. மறுபடி சாவியைத் திருப்பினாள். மறுபடி நின்றது. பின்னால் ஹாரன் சத்தம். கண்ணாடியில் பார்த்தால் நீளமான கறுப்புக் கார், உள்ளே பளபளக்கும் நெற்றி.

"டீச்சர், பின்னாடி அவரு."

"தெரியுது."

பயிற்சிக் கார் என்பதால் டீச்சரின் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. நினைத்திருந்தால் நொடியில் வண்டியை நகர்த்தியிருக்கலாம். அவள் இருக்கையில் நன்றாகச் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டாள். ஹாரன் நீளமாக அடித்தது. காவலாளி விசிலை வாயில் வைத்து, கேடயம் கையில் இருந்ததால் எப்படி ஊதிக்கொண்டே கையைக் காட்டுவது என்று தெரியாமல் நின்றான்.

"பதட்டப்படாதீங்க" என்றாள் டீச்சர். "சாவியை எடுத்துடுங்க. சீட்டைச் சரிபண்ணுங்க. பெல்ட்டைப் பாருங்க. எல்லாத்தையும் முதல்லேர்ந்து, நிதானமா."

கடைக்காரம்மா சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். சீட்டைச் சற்று முன்னால் இழுத்தாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது, பின்னால் தள்ளினாள். மறுபடி முன்னால் இழுத்தாள்.